நான் செய்த விமானம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், ஊஞ்சல் தொங்கிய இடத்தில், இப்போது ஒரு விமானம் தொங்குகின்றது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அளந்தால் ஐந்தடிப் பத்தங்குலம். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஈரடுக்கு இறக்கைகள். அவற்றுக்கிடையே மெல்லிய ஊன்றுகால்கள். குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள். உடல் முழுவதும் மஞ்சள் வண்ணம். வீட்டிற்கு வருவோர் அண்ணாந்து பார்த்து, “இதை எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்பர். “வாங்கவில்லை, செய்தேன்” என்பேன். அடுத்த கேள்வி, “இது பறக்குமா?” என்பதாக இருக்கும். அது பறந்தது. அதற்கு முன் ஒருமுறை விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் யார் என்பதுதான் நான் சொல்லவந்த கதை. (ஊஞ்சலை என் மனைவி இன்னும் மறக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

என் பெரியப்பா மீனம்பாக்கத்தில், பயிற்சி விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் வேலை பார்த்தார். அவர் விமானி அல்லர். எந்திரம் அறிந்தவரும் அல்லர். விமானத்திற்குத் துணி போர்த்துவதே அவருடைய தொழில். விமானத்திற்குத் துணியா என்று நீங்கள் வியப்படையலாம். அக்காலத்துச் சிறு விமானங்கள் பலவற்றின் இறக்கை, மரச்சட்டங்களால் ஆன கூடுதான். அக்கூட்டின்மேல் துணியை இழுத்துப் போர்த்தி, அதன்மேல் ‘டோப்’ என்னும் ஒருவகைப் பூச்சைப் பல முறை பூசுவர். பூச்சு உலர உலரத் துணி சுருங்கி, மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்ளும். வானில் விமானத்தைத் தாங்குவது அந்தத் துணிதான்.

1968ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்த என்னை அவர் ஒருநாள் அக்கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். உள்ளே நுழைந்தவுடன் முகத்தில் அறைந்தது டோப்பின் மணம். பழுத்து மிகுந்த வாழைப்பழத்தின் மணமும் மண்ணெண்ணெய் மணமும் கலந்தாற்போன்று இருந்தது. இறக்கை ஒன்றைச் சுவர்போல நிமிர்த்தி நிறுத்தியிருந்தனர். பெரியப்பா ஒருபுறம் நின்று, மெழுகு தோய்ந்த நூல் கோத்த நீண்ட ஊசியை இறக்கையின் ஊடே செலுத்தினார். மறுபுறம் நின்ற நான் அதனை வாங்கி, அவர் சொன்ன இடத்தில் திருப்பிச் செலுத்தினேன். துணி காற்றில் பிய்த்துக்கொண்டு போகாமல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு விலாச் சட்டத்தோடும் அதனைத் தைத்துவிடும் வேலை அது. பத்துப் பன்னிரண்டு தையலுக்குமேல் என்னை விடவில்லை. ஆயினும் ஒரு விமானத்தின் இறக்கையில் என் தையலும் இருந்தது என்னும் பெருமை, பள்ளி திறந்து பல நாள்வரை எனக்கு அடங்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் நான் கேட்டேன்: “பெரியப்பா, துணி போர்த்தின பிறகு உள்ளே மரம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?”

“தெரியாதப்பா. போர்த்துவதற்கு முன் பார்த்தவனுக்குத்தான் தெரியும்” என்றார் அவர்.

அன்று நான் கண்ட விமானத்தின் பெயர் டைகர் மாத். அதனை உருவாக்கியவர் இங்கிலாந்து நாட்டு ஜெஃப்ரி டி ஹாவிலண்டு. அவர் அந்துப்பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஆராய்வதில் ஆர்வம் உடையவர். ஆதலின் தம் விமானங்கள் பலவற்றிற்கு அப்பூச்சிகளின் பெயரையே இட்டார். டைகர் மாத் முதன்முதலாகப் பறந்தது 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில். 130 குதிரைத்திறன் கொண்ட ஓர் எந்திரம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். தலைக்கு மேல் திறந்த வானம். எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட டைகர் மாத்துகள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் பல நாட்டு இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது இதுவே. நம் நாட்டு விமானப் படையினரும் பறக்கும் கழகத்தாரும் இதிலேதான் பழகினர். பழகுநர்க்கு உரிய விமானம்தானே என்று இதனைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. 1934ஆம் ஆண்டில் ஜெஃப்ரி டைசன் என்பவர், பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததன் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாட, ஒரு டைகர் மாத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தபடியே அக்கால்வாயைக் கடந்தார்.

அதன் இறக்கைகள் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை எங்கள் கூடத்து விமானத்தில் காணலாம். அழகுக்காக அப்படி அமைத்தார்களோ என்று நான் பல நாள் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. முன்னிருக்கையில் அமர்பவர் ஆபத்துக் காலத்தில் வான்குடையோடு வெளியே குதிக்க வேண்டுமானால், மேலிறக்கையும் அதனைத் தாங்கும் கால்களும் அவருக்குத் தடையாயிருந்தன. எனவே மேலிறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினர். தள்ளியதால் விமானத்தின் சமநிலை கெட்டது. அதனை மீட்க இறக்கைகளின் நுனிகளைப் பின்னே சாய்த்தனர். ஒருவர் உயிர் தப்ப வேண்டும் என்பதற்காக அமைந்த சாய்வு அது. மாதிரி செய்பவனுக்கோ அது பெருந்தொல்லை.

பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டாண்டுகள் கழித்து, 2021ஆம் ஆண்டில், இதன் மாதிரி ஒன்றை ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்யத் தொடங்கினேன். தரையில் நின்றுகொண்டு வானொலி அலையால் இயக்கக்கூடிய மாதிரி. எளிய மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டு முன்பே ஓரளவு பழகியிருந்தேன்.

அளவைக் குறைப்பதில் ஒரு கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஐந்தில் ஒன்றாக்கினால் பரப்பு இருபத்தைந்தில் ஒன்றாகும். கன அளவோ நூற்றிருபத்தைந்தில் ஒன்றாகும். இதனைக் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். ஆளும் எண்ணெயும் ஏறாத டைகர் மாத்தின் எடை 500 கிலோகிராமுக்குச் சற்று மேல். அதனை 125ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 கிலோகிராம் வரும். எனக்கு நானே விதித்துக்கொண்ட எல்லை நாலரை. எடை மிகுந்தால் என்ன என்று கேட்கலாம். எடை மிகுந்த விமானம் விரைந்து பறந்தால்தான் வானில் நிற்கும். விரைந்து பறக்கும் சிறு விமானம், விரட்டப்பட்ட ஈயைப்போலத் தோன்றும். டைகர் மாத்தின் நிதானமே அதன் அழகு. அந்த அழகு வேண்டுமானால் ஒவ்வொரு கிராமையும் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும்.

அதற்கு உதவுவது பால்சா என்னும் மரம். வெப்ப மண்டல அமெரிக்காவில் வளர்வது. ஈக்வடார் நாட்டிலிருந்து மிகுதியாக வருகின்றது. நல்ல பால்சாவின் எடை, அதே அளவு தண்ணீரின் எடையில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். பால்சா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்பது பொருள். 1947இல் நார்வே நாட்டுத் தோர் ஹெயர்டால் பால்சாக் கட்டைகளால் தெப்பம் கட்டி, பெரு நாட்டிலிருந்து 101 நாள் பசிபிக் கடலில் மிதந்து சென்றார். நம் ஊர் இலவ மரம் இதற்கு உறவு என்று தாவர நூலார் கூறுவர். இலவு காத்த கிளியைப் பற்றி நாம் கதை சொல்லிக்கொண்டிருக்க, டி ஹாவிலண்டு நிறுவனத்தார் இலவின் உறவு மரத்தை ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே வைத்து, 1940இல் மாஸ்கிட்டோ என்னும் போர் விமானத்தையே செய்து பறக்கவிட்டனர்.

வரைபடத்தை மேசைமேல் விரித்து, அதன்மேல் எண்ணெய்த் தாளைப் பரப்பி, அதன்மேல் மரத்துண்டுகளைக் குண்டூசியால் குத்தி நிறுத்திப் பசையிட்டு ஒட்டுவது வேலையின் முறை. நான்கு இறக்கைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஐம்பது விலாச் சட்டங்கள். ஒவ்வொன்றையும் மெல்லிய பால்சாப் பலகையிலிருந்து கத்தியால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, நடுவே துளையிட்டு எடை குறைத்தேன். தேய்த்த தூள் மாவுபோல வீடெங்கும் பறந்தது. சமையலறை வரை பறந்தது என்று ஒரு குற்றச்சாட்டும் உண்டு. முதல் பத்து விலாக்களில் ஆறு வீணாயின. முப்பதாவதற்கு மேல் கை தானே அறிந்துகொண்டது.

இறக்கையின் நீளம் முழுவதும் ஓடும் முதன்மைச் சட்டம், விமானத்தின் உடலோடு சேரும் இடத்தில் ஓர் ஒட்டுப்பலகை நாக்கைப் பற்றியிருக்கும். பளுவெல்லாம் அந்த ஓர் இணைப்பின்மேல்தான் வந்து விழும். 2022ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு மழை இரவில், கீழ் இடப்புற இறக்கையின் அந்த இணைப்பை ஒட்டிக்கொண்டிருந்தேன். மின்சாரம் நின்றது. விளக்கைத் தேடிக்கொண்டு வருவதற்குள் இறுக்கி வைத்திருந்த பிடி நழுவி, நாக்கு விலகியிருந்தது. பசை அரைகுறையாக உலரத் தொடங்கியிருந்தது. அதனைச் சுரண்டிவிட்டு மீண்டும் ஒட்டியிருக்க வேண்டும். நானோ, சோம்பல் மேலிட்டு, அப்படியே திரும்ப நெருக்கிப் பிடியைப் பூட்டிவிட்டுப் படுக்கச் சென்றேன். பிடித்துக்கொண்டிருந்த பசையை அசைத்தால் அதன் வலு குன்றும் என்பதை நான் அறியாதவன் அல்லன்.

காலையில் பார்த்தபோது இணைப்பு நன்றாகவே தோன்றியது. வேலை தொடர்ந்தது. மாதங்கள் சென்றன. இக்காலத்தில் சூடு காட்டினால் தானே சுருங்கும் செயற்கைத் துணி கிடைக்கின்றது; நான் பெரியப்பாவை நினைந்து மெல்லிய வெண்பட்டையே போர்த்தி, டோப் பூசினேன். மூன்றாம் பூச்சு உலர்ந்த மாலை, இறக்கையை விரலால் சுண்டினேன். ‘டம்’ என்று ஒலித்தது. வீடெல்லாம் அந்தப் பழைய கொட்டகையின் மணம் கமழ்ந்தது. அப்போது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பெரியப்பா சொன்ன மறுமொழி என் காதில் ஒலித்தது. போர்த்துவதற்கு முன் பார்த்தவன் நான். எனக்குத் தெரியும்.

நான்கு நாள் அதனை எண்ணாமல் இருக்க முயன்றேன். ஆள் ஏறாத விமானம்தானே. விழுந்தாலும் யாருக்கு என்ன என்று தேற்றிக்கொண்டேன். ஆயினும் நாலரைக் கிலோகிராம் எடையுள்ள பொருள் பலர் நிற்கும் இடத்தில் வானத்திலிருந்து விழுந்தால் அது விளையாட்டன்று. மேலும், இந்த விமானத்தைக் கொண்டு வானில் ஒரு வட்டம் அடிக்க வேண்டும் என்பது என் ஆசை. நேராகப் பறக்கும் விமானம் மேல்நோக்கி எழும்பி, தலைகீழாகக் கவிழ்ந்து, மீண்டும் பழைய இடத்திற்கு வந்து சேரும் வட்டம் அது. ருசிய நாட்டு நெஸ்தெரோவ் 1913ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்து காட்டிய வித்தை. அவ்வட்டத்தில் திரும்பும்போது இறக்கை தாங்கும் பளு விமானத்தின் எடையைப்போல் இருமடங்கு, மும்மடங்காகப் பெருகும். ஐந்தாம் நாள் காலையில் கத்தியை எடுத்து, பளபளவென்று விளங்கிய அந்தப் பட்டைக் கிழித்தேன். உள்ளே பொருத்தியிருந்த சிறு மோட்டாரைக் கழற்றி எடுத்தேன். இணைப்பைக் கத்தி முனையால் கிளறினேன். பசை விடவில்லை, மரம்தான் சிராய் சிராயாகப் பெயர்ந்தது. ஒட்டு நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, எரிச்சலே வந்தது. நல்ல இணைப்பைக் கெடுத்ததோடு, பதினொரு நாள் வேலையும் கூடிற்று. கெடுத்த இடத்தில் புது மரம் வைத்து, மீண்டும் பட்டுப் போர்த்தி, கழற்றிய மோட்டாரை மீண்டும் பொருத்தினேன். என் கதையில் அந்த மோட்டார்தான் முதன்மையானது. அதனைச் சற்று விளக்க வேண்டும்.

டைகர் மாத்தின் கீழிறக்கைகளின் பின்விளிம்பில், கீல் வைத்த பலகை பக்கத்திற்கு ஒன்று உண்டு. அவற்றிற்கு ஏலரான் என்று பெயர். வலப்பலகை மேலெழுந்து இடப்பலகை கீழிறங்கினால் விமானம் வலப்புறம் சாயும். மாறாக இயங்கினால் இடப்புறம் சாயும். என் கையிலுள்ள பெட்டியில் ஒரு கோலை அசைத்தால், பெட்டி வானொலி அலையை அனுப்பும்; விமானத்திலுள்ள ஏற்பான் அதனை வாங்கி, அந்தந்தச் சிறு மோட்டாரைத் திருப்பும்; மோட்டார் பலகையை அசைக்கும். இது புதிய வித்தையும் அன்று. டைகர் மாத்தையே இப்படி ஆளின்றிப் பறக்கவிட்டிருக்கின்றனர். 1935ஆம் ஆண்டில், பீரங்கி வீரர்கள் குறிபார்த்துப் பழகுவதற்காக, ‘ராணித்தேனீ’ என்று பொருள்படும் பெயருடன் அத்தகைய விமானம் ஒன்றை அமைத்தனர். டைகர் மாத்தின் இறக்கைகளும் முழுதும் மரத்தால் ஆன உடலும் உடையது அது. ஆளில்லா விமானத்தை இன்று ‘டிரோன்’, அதாவது ஆண்தேனீ, என்று அழைப்பது அந்த ராணித்தேனீயை ஒட்டி வந்த வழக்கு என்பர்.

மோட்டாரைத் திரும்பப் பொருத்தியபின் சோதித்தேன். இரண்டு பலகைகளும் ஒன்றாகவே எழுந்தன, ஒன்றாகவே தாழ்ந்தன. மோட்டாரின் கைப்பிடியை மாற்றிப் பூட்டிவிட்டேன் என்பது புரிந்தது. மீண்டும் துணியைக் கிழிக்கவா முடியும்? பெட்டியிலேயே ஒரு மோட்டாரின் திசையை மாற்றிவிடலாம், மாற்றினேன். இப்போது ஒன்று எழ, மற்றொன்று தாழ்ந்தது. மனநிறைவோடு விளக்கை அணைத்தேன். மாற்ற வேண்டியது இடப்புற மோட்டாரை. நான் மாற்றியது வலப்புற மோட்டாரை. எனவே இரண்டும் ஒன்றுக்கொன்று இணக்கமாகவும், எனக்கு நேர்மாறாகவும் இயங்கின.

2023ஆம் ஆண்டு மே மாதம், மதுராந்தகத்திற்கு அப்பால் வறண்டு கிடந்த ஓர் ஏரியில் எங்களைப்போன்ற ஆர்வலர் சிலர் கூடினோம். என் பேத்தியும் உடன் வந்தாள். அப்போது அவள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பலரும் விமானத்தைச் சுற்றி நின்று புகழ்ந்தனர். துணியைக் கிழித்துப் பார்த்த கதையை நான் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன் என்று நினைக்கிறேன். கோலை அசைத்துப் பலகைகள் எப்பக்கம் திரும்புகின்றன என்று மட்டும் பார்க்கவில்லை.

டைகர் மாத் மண்ணில் நாற்பது ஐம்பது அடி ஓடி, வாலைத் தூக்கி, மெல்ல எழுந்தது. பனை உயரம் சென்றிருக்கும். காற்று வீசி இடப்புற இறக்கையைச் சற்றே தாழ்த்தியது. நான் கோலை வலப்புறம் தள்ளினேன். இறக்கை மேலும் தாழ்ந்தது. இன்னும் தள்ளினேன். அவ்வளவுதான். இடநுனி தரையில் குத்தி, விமானம் கரணம் அடித்துக் கிடந்தது. காற்றாடி முறிந்தது, சக்கரக்கால்கள் பிய்ந்தன, இடப்புறத்து ஊன்றுகால்கள் நொறுங்கின. கீழ் இடப்புற இறக்கை இரண்டாக ஒடிந்தது. நான் ஐயுற்றுக் கிளறிய இணைப்பு மட்டும் அசையவில்லை.

எல்லாரும் ஓடிவந்தனர். “என்ன ஆயிற்று?” என்றனர். “வானொலித் தொடர்பு அறுந்துவிட்டது” என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணிச் சொல்லவில்லை, ஆராயாமலும் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதன் விளைவைக் கண்டேன். தொடர்பு அறுவது எல்லார்க்கும் பொதுவான ஆபத்து. மூத்தவர் ஒருவர் உடனே எல்லா விமானங்களையும் தரையிலேயே நிறுத்தச் சொன்னார். தொலைவூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த ஓர் இளைஞர், என்னிடமிருந்ததைப்போன்ற ஏற்பானே தம்மிடமும் இருப்பதால், முகம் வாடித் தம் விமானத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த என் பேத்தி, மின்கலத்தை மீண்டும் இணைத்துவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தாள். கோலை ஒருமுறை அசைத்தாள், உடைந்த இறக்கையைப் பார்த்தாள், மறுமுறை அசைத்தாள். பிறகு என் அருகில் வந்து, மற்றவர் காதில் விழாமல், “தாத்தா, வலப்பக்கம் தள்ளினால் இது இடப்பக்கத்துக்குத் திரும்புகிறதே!” என்றாள்.

அவளும் நானும் தவிர வேறு யாரும் அதனை அறியார். பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் சான்றும் மறைந்துவிடும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இளைஞர் திருகாணிகளைக் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அவர் இருந்த இடம் இருபது முப்பது அடி தூரம்தான் இருக்கும். அவ்வளவு தூரம் நடப்பதற்கு எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

“உங்கள் ஏற்பானில் குற்றம் ஒன்றும் இல்லை, தம்பி. என்னுடையதிலும் இல்லை. ஏலரானை நான்தான் மாற்றி வைத்துவிட்டேன்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் அந்த மூத்தவர், “எனக்கு இது இரண்டு முறை நேர்ந்திருக்கிறது, ஐயா. இரண்டாம் முறை நேர்ந்ததை இன்றுதான் வெளியே சொல்கிறேன்” என்றார். இளைஞர் கழற்றிய திருகாணிகளை மீண்டும் பூட்டினார். அன்று பிற்பகல் அவருடைய விமானம் மிக அழகாகப் பறந்தது.

பழுதுபார்க்க ஏழு வாரம் பிடித்தது. புதிய பட்டின் மஞ்சள் பழைய மஞ்சளோடு பொருந்தவில்லை; அண்ணாந்து பார்த்தால் இன்றும் அந்த வேறுபாடு தெரியும். என் பேத்தி ஒரு தாளில், “வலம் தள்ளினால் வலப்பலகை மேலே” என்று எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டினாள். ஜூலைத் திங்களில் மீண்டும் அதே ஏரிக்குச் சென்றோம். அவள் விமானத்தின் பின்னே நின்று ஒவ்வொரு பலகையையும் உரக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே என்னைப் பறக்க விட்டாள்.

மும்முறை ஏரியைச் சுற்றி வந்தபின், உயரே ஏற்றிச் சென்றேன். டைகர் மாத்தின் எந்திரத்திற்கு நேரே மேல்நோக்கி இழுத்துச் செல்லும் வலு போதாது. முதலில் மூக்கைத் தாழ்த்திக் கீழ்நோக்கி விரைய விட்டு, அந்த விரைவைக் கொண்டுதான் வட்டத்தின் உச்சியை எட்ட வேண்டும். என் மாதிரியின் மின்மோட்டாருக்கு அவ்வளவு முடை இல்லை. ஆயினும் பழைய முறைப்படியே செய்தேன். மூக்கைத் தாழ்த்தினேன். கம்பிகளின் ஊடே காற்று சீழ்க்கையடிக்கும் ஒலி தரைவரை கேட்டது. கோலை மெல்லப் பின்னே இழுத்தேன். மஞ்சள் இறக்கைகள் வெயிலில் மின்னி எழுந்தன. உச்சியில் ஒரு கணம் தலைகீழாய் நின்றன. பின்பு வழுக்கினாற்போல் இறங்கி வந்தன. வட்டம் என்று சொல்ல இயலாது. நசுங்கிய கத்தரிக்காய் வடிவம் என்று சொல்லலாம். இடப்புறம் கோணியும் இருந்தது. எனினும் எனக்கு அது போதும்.

இறங்கும்போது தரையில் இருமுறை துள்ளி நின்றது. மும்முறை என்று என் பேத்தி இன்றும் வாதிடுகிறாள்.